கயிற்றில் வராத வண்டி

எங்கள் ஜீப் ஸ்டாண்டில் ஒரு சட்டம் உண்டு. எங்கேயும் எழுதி ஒட்டியதில்லை, ஆனால் எல்லாருக்கும் மனப்பாடம். மலையில் வண்டி நின்றுபோய், இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்து அடிவாரத்துக்குக் கொண்டுவந்தால், அந்த வண்டிக்கு அதற்கப்புறம் வரிசையில் இடம் கிடையாது. வேறு ஸ்டாண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். வேறு ஸ்டாண்டு எங்கே இருக்கிறது? ஒடுகத்தூரைத் தாண்டினால் எங்கள் பக்கத்து மலைக்கு இருப்பது இந்த ஒரு பாதை, அதன் கீழே இந்த ஒரு ஸ்டாண்டு.

காரணம் கேட்டால் நியாயமாகத்தான் பேசுவார்கள். பராமரிப்பு இல்லாத வண்டியில் ஜனங்களை ஏற்றக் கூடாதாம். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டாண்டுத் தலைவருக்கு வேண்டியவன் வண்டி நின்றுபோனால் என்ன நடக்கும் என்பதையும் இந்தக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். கடைசி வளைவு வரைக்கும் கயிற்றில் இழுத்துவருவார்கள். அங்கே கயிற்றை அவிழ்த்துவிட்டால் சரிவில் வண்டி தானாக உருண்டு ஸ்டாண்டுக்குள் வந்து நிற்கும். சொந்தச் சக்கரத்தில் வந்துவிட்டான் என்று எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். சட்டம் என்னவோ எல்லாருக்கும்தான். வளைவு மட்டும் வேண்டியவர்களுக்கு.

நான் அந்த வரிசையில் சேர்ந்தது யாருக்கும் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தோல் பதனிடுகிற டேனரியில் பச்சைத் தோலுக்கு உப்புப் போடுகிற வேலை பார்த்தேன். அதற்கப்புறம் ஆம்பூரில் ஷூ கம்பெனி, கட்டிங் செக்‌ஷன். என்னைவிடச் சின்னப் பையன் சூப்பர்வைசராக வந்து, "ஏய், இங்க வா" என்று விரலைச் சொடுக்கிக் கூப்பிட்ட அன்றைக்கே எனக்கு அங்கே சோறு முடிந்துவிட்டது. பாத்ரூம் போவதற்குக்கூட அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். என் பி.எஃப். பணத்தை எடுத்து, மலைக்கு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து பழைய ஜீப்பையும், அதோடு வரிசையில் அவருக்கு இருந்த இடத்தையும் வாங்கினேன். வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "யோசிச்சுத்தான் செய்றியா?" யோசித்தெல்லாம் செய்யவில்லை. கோபத்தில் செய்தேன். இன்றுவரை அதில் வருத்தம் கிடையாது.

முதல் நாள் தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஃபோர் வீல் கியரு போடத் தெரியுமாம்மா?" என்றார்.

"நான் போட்டுக் காட்டட்டுமா, நீங்க காட்டுறீங்களாண்ணா?" என்றேன்.

டீக்கடையில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த மனுஷன் என் வண்டி கயிற்றில் வருகிற நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒரு மழைக்காலம் முழுக்கச் சேற்றில் ஏற்றி இறக்கினேன். வண்டி நிற்கவில்லை. வெயில் காலம் வந்தது.

கத்தரி வெயில் நேரம் அது. மேலேயிருந்து சந்தைக்கு வரும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். கூடவே பாய். ஊர் ஊராகப் போய் ஆட்டுத்தோல் வாங்கி, உப்புத் தடவி மூட்டை கட்டி, ஆம்பூர்ப் பக்கம் கொண்டுபோய்ப் போடுகிற வியாபாரி. அவருடைய மூட்டைகளை என் வண்டியைத் தவிர வேறு எந்த வண்டியும் ஏற்றாது. நாற்றமாம். நான் அந்த நாற்றத்திலேயே வளர்ந்தவள், எனக்கு அது சோற்று வாசனை மாதிரி.

போன மழையில் பாதையைத் தண்ணீர் அரித்துப்போட்ட இடம் ஒன்று உண்டு. எப்போதும் போல அதில் மெதுவாகத்தான் சக்கரத்தை இறக்கினேன். "டங்" என்று ஒரு சத்தம். கல் அடித்த சத்தம் இல்லை, இரும்பு அறுந்த சத்தம். வண்டி இடது பக்கமாகப் பின்னால் உட்கார்ந்துவிட்டது. எல்லாரையும் இறக்கிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தேன்.

ஜீப்புக்கு அடியில், சக்கரத்தின் அச்சுக்கும் உடம்புக்கும் நடுவில், வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். மேலே இருக்கிற நீளமானதுதான் மெயின் பட்டை. குழியில் விழுந்தால் அதிர்ச்சியைத் தாங்குவதும் அதுதான், அச்சு முன்னே பின்னே நகராமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். அந்த மெயின் பட்டை அச்சுக்குச் சற்று முன்னால் இரண்டாக முறிந்திருந்தது. அப்படியே ஓட்டினால் அச்சு பின்னால் நழுவும், டயர் உடம்பில் உரசும், ஏதாவது ஒரு வளைவில் நேராகப் பள்ளத்துக்குப் போய்விடலாம். அடக் கருமமே என்று வாய்விட்டுக் கத்தினேன்.

அந்த நேரம் பார்த்தா மேலேயிருந்து தலைவரின் ஜீப் வரவேண்டும்! பாதிக்கு மேல் காலி. இறங்கி வந்து, குனிந்து பார்த்து, நாக்கை "த்சொ த்சொ" என்று கொட்டினார். வாய்தான் பரிதாபப்பட்டது. கண் சிரித்தது.

"மெயின் பட்டை போயிடுச்சா? இனிமே இது நவுராது. கயிறு வச்சிருக்கேன், இஸ்துனு போயிடலாம்."

அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதம்மா. கடைசி வளைவுல அவுத்து விட்டுடுறேன். ஸ்டாண்டுல யாருக்கும் தெரியாது. நீ மட்டும் இனிமே நம்ம பேச்சக் கேட்டுக்கினு ஒழுங்கா இரு, போதும்."

உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது எனக்கு. வெளியே தள்ளுவேன் என்று மிரட்டியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. இந்த மனுஷனின் தயவில் இறங்கி, சாகிறவரை தினமும் காலையில் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டி எடுப்பதா? அதற்குச் சொடுக்குப் போட்ட அந்தச் சூப்பர்வைசரே மேல். அவன் சம்பளமாவது கொடுத்தான்.

"உங்க கயிற நீங்களே வச்சுக்குங்கண்ணா. என் வண்டி அதும் சக்கரத்துலதான் வரும்," என்றேன்.

"எப்படி வரும்? பறந்துனு வருமா?"

"அது என் பேஜாரு. உங்களுக்கு இன்னா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "பொழுது சாயறதுக்குள்ள ஸ்டாண்டுக்கு வந்துடணும். வரலைன்னா நாலு பேரோட வந்து கயிறு போட்டு எல்லாரும் பாக்க இஸ்துனு போவேன். அப்புறம் அண்ணன்னு வந்து நிக்காதே," என்று சொல்லிவிட்டு, என் வண்டி ஜனங்களையெல்லாம் தன் வண்டியில் ஏறச் சொன்னார். அவர்களை நான் குறை சொல்லவில்லை. சந்தைக்குப் போகவேண்டிய ஜனம், ஏறினார்கள். பாயும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐய, இத எடுத்துனு எங்க வர்ற? நீ வேணா ஏறு, மூட்டைங்க ஏறாது," என்று சொல்லிவிட்டார்.

மூட்டையை விட்டுவிட்டு எந்தத் தோல் வியாபாரி போவார்? புழுதியைக் கிளப்பிக்கொண்டு அந்த ஜீப் போனதும், பாதையில் நானும் பாயும் தோல் மூட்டைகளும்தான் மிச்சம்.

"நம்ம ரெண்டு பேரையும் கை கழுவிட்டான் பாத்தியாம்மா," என்றார் பாய்.

"கழுவட்டும் பாய். உங்க மூட்டையில நல்ல தோலா ஒண்ணு குடுங்க."

"தோலா? எதுக்கு?"

சொன்னேன். வண்டியில் கிடக்கிற கடப்பாரையை முறிந்த பட்டையோடு சேர்த்துவைத்து, கை ஒடிந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற மாதிரி கட்டிவிடலாம். மூட்டை கட்டுகிற நைலான் கயிறு இருந்தது, ஆனால் அது பாரம் ஏறினால் இழுபடும், இரும்பில் வழுக்கும், பட்டையின் ஓரம் பட்டால் அறுந்துவிடும். பச்சைத் தோல் அப்படி இல்லை. ஈரத்தோடு கட்டினால் காயக் காயச் சுருங்கி இறுகும். டேனரியில் ஆணி அடித்துக் காயப்போட்ட தோல் மரச்சட்டத்தையே வளைத்துப்போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பாய் தாடியைத் தடவினார். யோசித்தார். மூட்டையைப் பிரித்து, பெரிய வெள்ளாட்டுத் தோல் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். விலை பேசவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

தோலைத் தரையில் விரித்து, ஓரத்திலிருந்து நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டே போனால் நடுவுக்கு வரும்போது நீளமான ஒரே வார் கிடைக்கும். கட்டிங் செக்‌ஷனில் நான் கற்றுக்கொண்ட நல்ல விஷயங்களில் அது ஒன்று, மிச்சமெல்லாம் முதுகுவலி. ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, அச்சைக் கம்பியால் நெம்பி அதன் இடத்துக்குக் கொண்டுவந்தேன். கடப்பாரையைப் பட்டைக்கு அடியில் பொருத்தினேன். நான் சுற்ற, பாய் இழுத்துப்பிடிக்க, கொஞ்சமும் இடைவெளி இல்லாமல் வாரைச் சுற்றினோம். அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையையும் செருகிவைத்தேன். பாரம் முழுக்க அந்தப் பட்டைமேல் விழவேண்டாமே என்று. அப்புறம் நல்ல வெயிலில் காயவிட்டோம்.

தொட்டுப்பார்த்தேன், மேலே காய்ந்த மாதிரிதான் இருந்தது. வண்டியில் ஏறினேன். பாய் முன்னால் நடந்து கல் பார்த்துச் சொல்ல, முதல் கியரில் ஊர்ந்தேன். ஒரு வளைவு தாண்டியது. எனக்கு வாயெல்லாம் பல். இரண்டாவது வளைவில் கடப்பாரை "கணீர்" என்று பாதையில் விழுந்தது. வார் மொத்தமும் வழவழவென்று பட்டையை விட்டு நழுவித் தொங்கியது. அச்சு மறுபடியும் பின்னால் போய், டயர் உடம்பில் உரசி ரப்பர் தீய்ந்த நாற்றம்.

கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். அது போய்ப் புதரில் விழுந்தது. அதற்கப்புறம் அதைத் தேடி எடுக்க வேறு வேண்டியிருந்தது. கோபத்துக்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

தொங்கிய வாரைக் கையில் எடுத்தேன். உள்ளே ஈரம், கொழகொழவென்று ஈரம். இவ்வளவு வெயிலில் ஏன் காயவில்லை? விரலை முகர்ந்து பார்த்தேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு! அட மண்டூகமே என்று என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். உப்பு இருக்கிறவரை தோல் ஈரத்தை விடாது. காயாத தோல் இறுகாது. டேனரிக்கு வந்த தோலுக்கு முதல் வேலையே உப்புப் போக ஊறவைப்பதுதான். அதைக்கூட மறந்துவிட்டேனா?

மறக்கவில்லை. அங்கேதான் வேடிக்கை. தோல் டேனரிக்குப் போய்ச் சேர்கிறவரை அதன்மேல் தண்ணீர் படக்கூடாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் ரத்தத்தில் ஊறின விஷயம். தண்ணீர் பட்டு உப்புப் போனால் மயிர் கழலும், அழுகும், அந்தத் தோல் அதோடு குப்பை. உப்புத் தோலை வழியில் கழுவினாள் என்று தெரிந்தால் என்னை வேலைக்கு வைத்திருந்த மேஸ்திரி அன்றைக்கே அனுப்பியிருப்பார். அதனால்தான் அறுத்து வாராக்கிய பிறகும் அதைக் கழுவ வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, ஆயுசு முழுக்கத் தோலிலேயே கிடந்த பாய்க்கும் தோன்றவில்லை. வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் நாற்றத்துக்காகவாவது முதலிலேயே கழுவியிருப்பான்!

"பாய், இத கழுவணும்," என்றேன்.

"அல்லா! உப்புத் தோலையா?"

"இது இனிமே தோல் இல்ல பாய், கயிறு."

"அது சரிம்மா, ஆனா கை வரலையே," என்றார். நிஜமாகவே அவர் முகத்தில் வேதனை. "எங்க வாப்பா இருந்திருந்தா இதுக்கே என்னை அடிச்சிருப்பாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. அவ்வளவு எரிச்சலிலும் நடுப்பாதையில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவரே கேனை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இருந்த ஊற்றுக்கு இறங்கினார். தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது. ஊற ஊற மொண்டுவந்து, வாரைப் பாறைமேல் போட்டுக் கசக்கினோம். கழுவினோம், பிழிந்தோம், மறுபடியும் கழுவினோம். நாக்கில் வைத்தால் கரிக்காத வரைக்கும் கழுவினோம். பட்டையையும் மணல் போட்டுத் தேய்த்து வழுவழுப்புப் போகத் துடைத்தேன். பிறகு மறுபடியும் ஜாக்கி, மறுபடியும் நெம்பல், மறுபடியும் கட்டு.

காய்கிறவரை வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தோம். பயமாக இருந்தது. இல்லை என்றால் பொய். பொழுது ஒரு பக்கம் இறங்கிக்கொண்டே போகிறது. இந்தக் கட்டும் கழன்றால் அவ்வளவுதான், கயிறு வந்துவிடும், இடம் போய்விடும். மலைக்கு ஓட்ட முடியாத ஜீப்பை யார் வாங்குவார்கள்? திங்கட்கிழமை காலையில் கம்பெனி கேட்டில் போய் நின்று, பழைய ஐ.டி. கார்டைக் காட்டி, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். அந்தப் பையன் சிரிப்பான். அதை நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாய் பார்க்காத மாதிரி மூட்டையைத் திருத்திக் கட்டினார்.

அப்போது அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. "நற... நற..." என்று மெல்லியதாக. எட்டிப்பார்த்தேன். அனல் காற்றில் தோல் சுருங்கி, சுற்றுக்குச் சுற்று இரும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டு, ஸ்பேனரால் தட்டிப் பார்த்தேன். மரத்தைத் தட்டுகிற மாதிரி "டக் டக்" என்றது. மறுநாள் பட்டறையில் புதுப் பட்டை மாற்றும்போது அதைக் கத்தியால் அறுக்க முடியாமல் இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு போட்டுத்தான் அறுத்தார்கள்.

"இன்னா பாய் சொல்றீங்க?"

"நீ ஏறும்மா. நான் முன்னால நடக்குறேன்."

"நீங்களும் ஏறலாமே?"

"வளைவெல்லாம் முடியட்டும், ஏறிக்கிறேன். எனக்கு உன்மேல நம்பிக்கை ஜாஸ்திதான், அந்தத் தோலுமேல கம்மி," என்றார்.

அந்த மலையை நான் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன், அன்றைக்கு மாதிரி இறங்கியதில்லை. பிரேக்கில் கால், காது முழுக்க அடியில். ஒவ்வொரு கல்லிலும் சக்கரத்தை ஏற்றாமல் சுற்றிப்போனேன். பாய் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "ரைட்ல ஒடி, ஒடி, அவ்ளோதான், விடு," என்று பின்பக்கமாகவே நடந்து இறங்கினார். மூன்றாவது வளைவு போனது. தண்ணீர் அரித்த இன்னொரு இடமும் போனது. கட்டு நகரவில்லை. கடைசி வளைவு வந்ததும் நான் வண்டியை நிறுத்தி அவரை முன் சீட்டில் ஏற்றினேன். அந்த வளைவு திரும்பினால் ஸ்டாண்டு தெரியும். யார் பார்த்தாலும் இன்ஜின் சத்தத்தோடு, ஆள் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டியாகத் தெரியட்டும் என்றுதான்.

பொழுது இன்னும் சாயவில்லை. டீக்கடை முன்னால் தலைவரும் மற்ற டிரைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கயிறு சுருட்டி அவர் ஜீப்பின் பானெட்மேல் தயாராக இருந்தது. என் வண்டியைப் பார்த்ததும் ஒருத்தர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். நான் நேராக வரிசைக்குப் போனேன். அங்கே என் இடத்தில் வேறொரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. தலைவரின் மச்சானுடையது. நான் இழுபட்டு வருவேன் என்று அவ்வளவு நிச்சயம்! பொழுது சாயக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை.

என் வண்டியின் மூக்கை அந்த ஜீப்பின் பின்பக்கத்தில் இடிக்காத குறையாகக் கொண்டுபோய் நிறுத்தி, ஹாரனில் கையை வைத்தேன். வைத்த கையை எடுக்கவில்லை. டீக்கடையில் காதைப் பொத்திக்கொண்டார்கள். சந்தை முடிந்து திரும்பி மலையேறக் காத்திருந்த ஜனங்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் ஓடிவந்தார்.

"கைய எடும்மா! இன்னா இது?"

எடுத்தேன். அவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்தபோது வேட்டி முழுக்கப் புழுதி.

"தோலக் கட்டிக்கினு வந்திருக்கே. இதெல்லாம் ஒரு ரிப்பேரா? இது கணக்குல சேராது."

"தோல்தாண்ணா கட்டியிருக்கேன். கயிறு கட்டலியே? சட்டம் கயித்துக்குத்தானே?"

பின்னால் நின்ற டிரைவர் ஒருவர், "அது கரெக்டுதான் தலைவரே, சொந்தச் சக்கரத்துலதான வந்திருக்குது," என்றார். நான் அந்த ஸ்டாண்டில் சேர்ந்ததிலிருந்து என் பக்கமாக ஒருத்தர் பேசியது அதுதான் முதல் தடவை. தலைவர் அவரை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பட்டைய மாத்தாம நாளைக்கு ஆள் ஏத்தக் கூடாது."

"ஏத்தமாட்டேன். மாத்திட்டுத்தான் ஏத்துவேன். ஆனா வண்டி இன்னைக்கு அதும் எடத்துலதான் நிக்கும். உங்க மச்சான வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

"பொம்பளைக்கு இவ்ளோ வீம்பு ஆவாதும்மா," என்றார்.

"வீம்பு இல்லன்னா என்னை நீங்க முதல் நாளே வெளிய தள்ளியிருப்பீங்கண்ணா," என்றேன்.

அவர் மச்சானைப் பார்த்துக் கையை ஆட்டினார். அந்த ஜீப் புறப்பட்டு வரிசையின் கடைசிக்குப் போயிற்று. நான் முதல் கியரைப் போட்டு, மெதுவாக என் இடத்துக்கு வந்து, இன்ஜினை அணைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன்.